போய்ச் சேர்ந்தவள்

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீயும் மாமாவும் மாமாவின் முழங்காலும் சௌக்கியமா? போனில் சொன்னால் நடுவில் நீ அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த லட்சணம் உனக்குத் தெரியும்.

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதடி, நாலு பேரோட பழகு, மனசு லேசாகும்" என்றாயே, அந்த நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்தேன். இனிமேல் தயவுசெய்து யோசனை சொல்லாதே.

என் வீட்டுக்கார மனுஷன் படுக்கையில் விழுந்த பிறகும் நூலகத்துத் தடிப் புத்தகம் ஒன்றை நெஞ்சை விட்டு இறக்கவில்லை. பழைய காலத்து நாவலாம், உலகத்துக்கே தெரிந்த கதையாம், எனக்கு மட்டும் தெரியாது. சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்து நான் மருந்து கொடுக்கும்போது அன்றைக்குப் படித்ததைச் சொல்வார். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் கதை. ஊர் வாயெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்து, அவள் ஒரு நீலப் படகில் ஏறிவிட்டாள், அக்கரையில் தையல் கடை வைக்கப் போகிறாள். நடு ஆற்றில் துடுப்பு உடைந்ததோடு நிறுத்தி, "நாளைக்குப் போய்ச் சேர்ந்துடுவாடி" என்றார். அந்த நாளைக்கு அவர் இல்லை.

சரி, இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்போம் என்று எடுத்தால், படித்த இடமெல்லாம் பக்கத்தின் மூலையை மடக்கி வைத்திருக்கிறார். மடிப்பு தப்பாக இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காதே. மேலே துணி போட்டு, சூட்டைக் குறைத்து, ஒவ்வொரு பக்கமாக இஸ்திரி போட்டு நூலகத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே அவர் ஞாயிறுதோறும் போய்வந்த வாசகர் கூட்டம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. காதலன் கைவிட்டுப் போன ஒரு பெண்ணுக்கு மருந்துக்கடைக்காரர் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறார். "தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் படிம்மா. கேக்கலைன்னா ரெண்டாம் பாகம் இருக்கு." "இதுல அவங்க ஒண்ணு சேர்ந்துடுவாங்களா சார்?" "சேர மாட்டாங்க." "அப்ப வேணாம் சார், அதுக்கு என் கதையே போதும்."

நான் என் புத்தகத்தை நீட்டி, "ஏங்க, இதுல அந்தப் பொம்பளை போய்ச் சேர்ந்தாளா?" என்று கேட்டேன்.

"போய்ச் சேர்ந்துட்டாம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்க. வியாபாரம் எப்படிப் போகுது?"

"யாருக்கு?"

"அவளுக்குத்தான். தையல் கடை."

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவ ஆத்துல இறங்கிட்டாம்மா. புருஷன் போன துக்கம் தாங்காம" என்றாள்.

"படகுல இறங்கினா."

"இதுல படகே இல்லம்மா."

"இருந்துச்சே! நீலப் படகு!" என்று நான் கத்தியதில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நூலகத்து அம்மாள் சமாதானமாக, "அவர் அது வரைக்கும் படிச்சிருக்க மாட்டார். மூலையை மடக்கி வைப்பாரே, எத்தனை தடவை திட்டியிருக்கேன், பாருங்க" என்றாள்.

"இஸ்திரி போட்டுட்டேன்" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்து தொலைத்தது. ஆனால் அக்கா, துணியில் மடிப்பு போய்விடும், காகிதத்தில் போவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மூலையில் கோடு தெரிகிறது. அவள் ஆற்றில் இறங்கும் பக்கத்திலும் கோடு. அதற்கு அப்புறமும் கோடு. கடைசித் தாளிலும் கோடு.

முழுதும் படித்திருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டேதான் அவளுக்கு ஒரு படகு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் தோளில் சாய்ந்துகொண்டு, "அவர் போனா நானும் பின்னாலயே போயிடுவேன்" என்றேனே, அது அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மட்டும் இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

ஆகவே புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். கதையும் ஒழிந்தது, கூட்டமும் ஒழிந்தது. அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன். உனக்கும் மாமாவுக்கும் என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் சாயங்காலத்துக்கு மேல் வா, அதற்கு முன்னால் கூட்டத்தில் இருப்பேன். புத்தகத்தில் இல்லாத அந்தக் கதையைக் கேட்க வேண்டுமாம் அந்தப் பெண்ணுக்கு. "நடு ஆறு வரைக்கும்தாம்மா எனக்குத் தெரியும்" என்றேன். "மிச்சத்தை நீங்களே சொல்லுங்க" என்கிறாள். நீதான் தையல் தெரிந்தவள். கையில் ஒன்றுமில்லாமல் கரையேறுகிற ஒருத்தி கடை வைக்க முதலில் என்ன வாங்க வேண்டும் என்று உடனே எழுது.