கட்டிலில் கிடந்த கதாநாயகன்

தன் நாடகம் மோசம் என்பது எழுதியவனுக்குத்தான் கடைசியில் தெரியும். என் நாடகம் மோசம் என்று பாகூரில் எல்லோருக்கும் முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு இன்னும் தெரிந்தபாடில்லை.

பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம் அது. புதுச்சேரியில் நாலு எழுத்து படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். (தலைக்கனமும் கூடவே வந்திருந்தது.) அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடப்பது வழக்கம். அந்த வருஷம் ஊர்க்காரர்களைக் கெஞ்சி, கூத்துக்குப் பதில் என் நாடகத்தை நுழைத்தேன். ராஜா கிடையாது, சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. வேலைவெட்டி இல்லாத ஒருவன் கட்டிலில் படுத்தபடி, நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறான், அவ்வளவுதான் கதை. அந்த ஒருவனாக நானே நடித்தேன்.

வில்லியனூரிலிருந்து என் தாய்மாமன் வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகள் அமிர்தத்தை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. வருகிற தையில் கல்யாணம். அமிர்தத்தை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இந்த வயதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ரொம்பப் பிடிக்கும்.

விளக்கு வைத்ததும் நாடகம் தொடங்கியது. சனம் ராஜாவுக்காகக் காத்திருந்தது.

"இன்னாடா இது, படுத்துக்னே கெடக்கறான்? யாருனா எழுப்புங்கடா!" என்றது ஒரு குரல்.

"எழுந்தா மட்டும் இன்னா பண்ணப் போறான்!" என்றது இன்னொன்று. (நாடகத்தின் உட்கருத்தை இவ்வளவு சுருக்கமாக நானே சொன்னதில்லை.)

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. அமிர்தம்! முந்தானையால் பொத்தியும் அடங்காத சிரிப்பு. எனக்கு அது போதும். அவளுக்காகவே புரண்டு படுத்தேன், எழுதாத வசனமெல்லாம் பேசினேன், கட்டிலிலிருந்து விழுந்தேன். அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சாப்பாட்டு வேளைக்குள் நாடகம் முடிந்துவிட்டது.

"இதுக்காடா பாயெல்லாம் தூக்கிக்னு வந்தோம்?" என்று திட்டிக்கொண்டே சனம் கலைந்தது.

மறுநாள் காலை மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியை வாங்கவில்லை.

"தப்பா நெனச்சிக்காதம்மா. இந்தக் கல்யாணம் வாணாம்."

"இன்னாண்ணே, ஒரு நாடகத்துக்காகவா?"

"நாடகம் எப்படினா போவட்டும். என் பொண்ணு இவனப் பாத்து சிரிச்ச சிரிப்ப நான் பாத்தேன். கட்டிக்கப் போறவன் மேல துளி மதிப்பு இருந்தா அப்பிடிச் சிரிப்பாளா? அவளுக்குப் புடிக்கலம்மா. வாயத் தொறந்து சொல்ல மாட்டா. நாந்தான் புரிஞ்சிக்கணும்."

மாமா கெட்டவர் இல்லை. மகள் மனசைப் பார்த்து நடக்கிற அப்பாக்கள் அப்போது அபூர்வம். அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. 'ஊரில் அவளுக்கு மட்டும்தான் மாமா என் நாடகம் பிடித்தது' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில், அவர் வாங்காத காபியை எடுத்துக் குடித்தேன். (முந்தின நாள் மேடையில் ஓயாமல் பேசியவன் இவன்தான்.) தையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சைகோனில் உத்தியோகம். அமிர்தம் கப்பலேறிப் போய்விட்டாள். நான் பல நாள் அழுதேன்.

பிறகு எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். எங்கள் வீட்டில் யார் பகலில் படுத்தாலும், "யாருனா எழுப்புங்கடா!" என்று கத்துவது இன்றும் வழக்கம்.

மாமாவின் கருமாதிக்கு அமிர்தம் வந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது என் மகன் அந்த நாடகக் கதையை எடுத்துவிட்டான். நான் கட்டிலிலிருந்து விழுந்ததை விழுந்தே காட்டினான். துக்க வீடு என்பதையும் மறந்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அமிர்தம் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனவள், என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"நான் ஏன் சிரிச்சேன்னு அன்னிக்கு என்னை யாருமே கேக்கல அத்தான்" என்றாள்.