‘நாம்’ பற்றி ஓர் இலவச வகுப்பு

வகுப்பறையில் ஈ, காக்கைகூட இல்லை. கரும்பலகையில் ‘நாம் என்னும் அனுபவம்’ என்று எழுதிவிட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார் டாக்டர் ஃபோல்க்மார்.

மனிதர்கள் ஒன்றாக இருப்பதை எப்படி உணர்கிறார்கள் என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த ஆராய்ச்சி. எங்கள் ஜெர்மனியில் இதற்கெல்லாம் பேராசிரியர் பட்டம் தாராளமாகக் கொடுப்பார்கள். சம்பளம் மட்டும் கொடுக்க மாட்டார்கள். பருவத்துக்கு ஒரு வகுப்பு இலவசமாக எடுத்தால் பட்டம் நிலைக்கும். மனைவி விட்டுப்போன பிறகு அந்த மனிதருக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

“போன பருவமும் உங்க வகுப்பு ரத்து. இந்தத் தடவையும் ஆள் வரலைன்னா பட்டம் போயிடும் டாக்டர்,” என்றார் பல்கலைக்கழக அலுவலகத்து ஹென்னிங் அம்மாள்.

ஃபோல்க்மார் ‘பரீட்சை கிடையாது’ என்று அறிவிப்பு ஒட்டினார். பெயர் கொடுத்திருந்த ஒரே மாணவனும் வந்து நின்றான்.

“பரீட்சை இல்லேன்னா மார்க் ஏது சார்? என் பேரை எடுத்துடுங்க.”

காப்பியும் ஆப்பிள் கேக்கும் வைத்தார். பக்கத்து அறை வேதியியல் கூட்டம் தட்டைக் காலி செய்துவிட்டுப் போனது. குளிருக்காவது யாராவது ஒதுங்கட்டும் என்று ஹீட்டரை முழுதாகத் திருகினார். தெருவில் படுப்பவர் ஒருவர் வந்து படுத்துக்கொண்டார்.

“இவரைக் கணக்குல சேர்க்க முடியாது,” என்றார் ஹென்னிங் அம்மாள்.

“ஏன்? இவரும் ‘நாம்’தானே?”

“குறட்டை விடறாரே! ஹீட்டரைப் பத்திப் புகார் வேற வந்திருக்கு. உங்களைக் கீழ்த்தளத்துக்கு மாத்தியாச்சு. அடுத்த வாரம் நானே தலையெண்ண வருவேன்.”

அடுத்த வாரம் தூக்குமேடைக்குப் போகிறவர் போலத்தான் படியிறங்கினார். உள்ளே ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்! நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கையில் பேனா. பேசப்பேச எழுதிக்கொண்டார்கள். கூர்மையாகக் கேள்வி கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டுவதற்குப் பதிலாக, எங்கள் ஊர் வழக்கப்படி மேசையை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பாராட்டினார்கள். ஹென்னிங் அம்மாள் தலைகளை எண்ணிக்கொண்டு போனார்.

பட்டம் பிழைத்துவிட்டது. இத்தனை காலம் எழுதியது வீண்போகவில்லை என்று நினைத்தார் ஃபோல்க்மார்.

“இந்த விஷயத்துல உங்களுக்கெல்லாம் இவ்வளவு ஆர்வமா?”

ஊதா மஃப்ளர் கட்டியிருந்த அம்மாள் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி சொன்னார்:

“நாளைக்குக் காலையில என் வகுப்பு, வியாழக்கிழமை இவரோடது, வெள்ளிக்கிழமை அவரோடது. நாங்க உங்களுக்கு வந்தோமில்ல, நீங்களும் தவறாம வந்து உக்காந்துடுங்க டாக்டர். எங்க எல்லார் பட்டமும் இப்படித்தான் ஓடுது.”