சாம்பல் போட்டுத் துலக்கிய ஜன்னல்

பித்தளை துலக்கத் தெரிந்தவளுக்குக் கண்ணாடி துடைக்கவும் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. நான் நினைத்தேன்.

மகன் முருகன் துபாயில் இருந்துகொண்டே கோவில்பட்டியில் கட்டிய வீடு எங்களுடையது. முன்னறையில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி ஜன்னல். வெயிலுக்காக உள்பக்கம், வெளியே பார்த்தால் தெரிகிற மாதிரிக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பல வருஷம் கழித்து அவன் வருகிறான் என்றதும், ஆட்டோவில் வந்து இறங்குவதை அந்த ஜன்னல் வழியாக முதல் ஆளாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. (வாசலில் போய் நின்றால் தெருவே பார்க்கும். எனக்குக் கூச்சம்.)

காற்றடிக்கிற காலம். கண்ணாடி முழுக்கக் கரிசல் புழுதி. காய்ந்த துணியால் தட்டியிருந்தால் போயிருக்கும். நான் ஒரு வாளித் தண்ணீரை வீசினேன். புழுதி களியாகி அப்பிக்கொண்டது. நனைந்தால் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும் மண் என்று எனக்கா தெரியாது? ஆசையில் மறந்துவிட்டது. உடனே தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்தேன்.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, அது என்ன குத்துவிளக்கா? இந்தத் தேய் தேய்க்குதிய."

"மகன் வாரான்லா," என்றேன்.

"அவன் வார வரைக்கும் கண்ணாடி இருக்கணும்லா."

நான் கேட்கவில்லை. உள்ளே வந்து ஸ்டிக்கரையும் தேய்த்தேன். காய்ந்த பிறகுதான் லட்சணம் தெரிந்தது. வெளியே முழுக்கக் கீறல். உள்ளே ஸ்டிக்கர், கோழி கிளறியது போலக் கிடந்தது. அந்தப் பக்கம் நிற்பது ஆடா ஆளா என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை மகனைக் கூட்டிவர என் வீட்டுக்காரர் ரயில் நிலையத்துக்குப் போனார். (இவர் ஒரு வாசலில் நிற்க, அவன் இன்னொரு வழியாக வெளியே வந்து ஆட்டோ ஏறிவிட்டான்.) நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பெரிய மூட்டையோடு ஒரு தடித்த உருவம் வந்து நின்றது. மெத்தை விற்கிறவர் போல. என் பிள்ளை போகும்போது முருங்கைக்காய் மாதிரி இருந்தான்.

கதவைத் திறக்காமலே சொன்னேன். "அவிய வீட்ல இல்ல. சாயந்திரம் வாங்க."

வெளியிலிருந்து பதில் வந்தது.

"யம்மா, சாயந்திரம் வந்தா உள்ள விடுவியா?"

அவசரத்தில் தாழ்ப்பாளைத் திறப்பதற்குப் பதில் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவன் கோபப்படவில்லை. கண்ணாடியை மாற்றிவிட்டுத்தான் திரும்பிப் போனான். இப்போதெல்லாம் மெத்தென்ற காய்ந்த துணியால் புழுதியைத் தட்டி, பிறகு பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன். தெருமுனை வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது.

துபாயிலிருந்து போன் பண்ணினால் எடுத்தவுடன் கேட்பான். "அவிய இருக்காவளா? நான் சாயந்திரம் வரட்டா?"

பக்கத்தில் என் வீட்டுக்காரர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

"சரிய்யா, சாயந்திரமே வா," என்பேன்.

உடனே, அங்கன மழை உண்டா என்று பேச்சை மாற்றுவான்.