மஞ்சள் கயிறு கட்டிய பாராசூட்

வேகமான கார் வைத்திருப்பவன் தைரியசாலியாகத்தான் இருப்பான் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. என்னிடம் அப்படி ஒரு கார் இருந்தது. ரிமோட்டில் ஓடுகிற, முழங்கை நீளத்துக் கார்தான். ஆனால் விட்டால் பைபாஸில் போகும் நிஜக் கார்களோடு போட்டி போடும். அதைக் கண்டு இந்த உலகத்திலேயே அதிகம் பயந்தவன் யார் என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கிய நான்தான். (வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று எங்கள் அம்மா சொல்வாள். அம்மா சொன்னதில் இதுவரை எதுவும் தப்பியதில்லை.)

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு மொபைல் ரிப்பேர் கடை. படித்தது கொஞ்சம், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது நிறைய. அந்தப் பைத்தியத்தில் வாங்கியதுதான் கார். முதல் தடவை அதை ஓட்டியது ஊருக்கு வெளியே, பிளாட் போட்டு யாரும் வீடு கட்டாத ஒரு நகரில். கல் நட்டு, ரோடு போட்டு, தெருவுக்குத் தெரு பெயர்ப் பலகை வைத்திருந்தார்கள். மனிதர்கள் மட்டும் பாக்கி. முழு வேகத்தில் விட்டுவிட்டு பிரேக் போட்டேன். மூக்கு தரையில் குத்த, பின்பக்கம் எழும்ப, கார் கரணத்துக்கு மேல் கரணம் அடித்துக்கொண்டு போய் ஒரு பிளாட் கல்லில் மோதியது. கல் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் கல்லுக்குப் பதில் ஒரு முழங்கால் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடியும் வீடியோவையே சரணடைந்தேன். வெளிநாட்டில் இந்த மாதிரிக் கார்களுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பாராசூட் கட்டுகிறார்கள். ரிமோட்டில் ஒரு பித்தானை அமுக்கினால் காரின் வாலில் இருக்கும் பையின் மூடி திறக்கும். துணி வெளியே பாய்ந்து, காற்றை வாங்கி விரிந்து, காரைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். கரணம் கிடையாது. கோபித்துக்கொண்டு கிளம்புகிற மனுஷனைச் சட்டையைப் பிடித்து நிறுத்துவது மாதிரி.

அப்போதுதான் எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பெண், ஒலக்கூர் பக்கத்துக் கிராமம். கலா. நன்றாகத் தைப்பாள். நிச்சயம் ஆன மற்றவர்களெல்லாம் போனில் என்ன பேசுவார்களோ, நான் குடைத்துணியைப் பற்றிப் பேசினேன்.

"வட்டமா வெட்டிக்கோ. சுத்தி எட்டு நூல் வரணும். நடுவுல ஒரு ஓட்ட போடு."

"ஓட்ட போட்டா காத்து போயிடாதா?"

"கொஞ்சம் காத்து வெளிய போனாத்தான் ஆடாம நேரா வரும்."

 "ஊர்ல மாப்ளைங்க பொடவ நிறம் கேப்பாங்க," என்றாள். ஆனால் அருமையாகத் தைத்து, தன் அண்ணன் சங்கரிடம் கொடுத்தனுப்பினாள். சங்கர் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பிளாட் நகருக்கு அவனும் வந்தான். முழு வேகம், பித்தான், 'பட்'டென்று ஒரு சத்தம், கறுப்புக் குடை விரிந்தது, கார் சமர்த்தாக நின்றது. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. சங்கர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டான். வந்தது வினை.

ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வரச்சொல்லி மாமாவிடமிருந்து, அதாவது கலாவின் அப்பாவிடமிருந்து, போன். "அந்த வண்டியையும் எடுத்தாங்க மாப்ள. பூஜையில வெச்சிடலாம்." மாமா அதிகம் பேசாதவர். அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஏற்கெனவே பயம். மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

போனேன். வாசலில் மாமாவின் மொபெட், சங்கரின் ஷேர் ஆட்டோ, கலப்பை, மண்வெட்டி, களைவெட்டி, கலாவின் தையல் மெஷின் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. கடைசியில் என் கார். அத்தை, அதாவது கலாவின் அம்மா, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே வந்தார். மண்வெட்டிக்குப் பிடியில், மொபெட்டுக்கு ஹேண்டில்பாரில். என் காருக்கு எங்கே கட்டுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டுவதற்கு வாகாக வாலில் ஒரு பை இருந்தது.

பாராசூட் பை.

ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. மூடியோடு சேர்த்து. மாப்பிள்ளை வண்டி இல்லையா, அன்பு அதிகம். கன்றுக்குட்டிக்குப் போடுகிற மாதிரி முடிச்சு. நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

 "அத்த, அங்க வேணாமே" என்று சொல்லலாம். ஆனால் கல்யாண வீடு. பூஜையில் கட்டிய மஞ்சள் கயிற்றை மாப்பிள்ளை அவிழ்க்கச் சொன்னால் அது என்ன சகுனம்? சொன்னவன் நிலைமை என்ன? பார்த்துக்கொண்டே நின்றேன். ('வெட்கப்பட்டவன் விருந்தில் பட்டினி' என்பார் எங்கள் சந்தில் டீக்கடை வைத்திருப்பவர். பயந்தவனுக்கு இலையே போட மாட்டார்கள்.)

கற்பூரம் காட்டியாயிற்று. வண்டிகளை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டும். ஆட்டோ நசுக்கியது. மொபெட் நசுக்கியது. என் கார் சக்கரமும் எலுமிச்சம்பழமும் ஏறக்குறைய ஒரே உயரம். என்ன செய்வது என்று மாமா யோசித்தார். அத்தை உள்ளே போய் நாலு சுண்டைக்காய் கொண்டுவந்து வைத்தார். கார் கௌரவமாக நசுக்கியது. ஊரே சிரித்தது. அதோடு முடிந்துவிடும் என்று நானும் சிரித்தேன்.

"வா மாப்ள, ஏரிக்கரை ரோட்டுல வுட்டுக் காட்டு," என்றான் சங்கர்.

"சார்ஜ் இல்ல மச்சான்."

"காலையிலயே புல்லா ஏத்திட்டேன்."

ஏரிக்கரை ரோடு புதுத் தார் ரோடு. பாதி அகலத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப் போட்டிருந்தது. மீதிப் பாதி எனக்கு. மறுகோடியில் ரோட்டோரப் புங்க மரத்தில் மாமாவின் சினை மாடு. வீட்டுக்கு அந்த ஒரு மாடுதான். கல்யாணத்துக்கு முன்னால் கன்று போட்டுவிடும், பந்திக்கு வீட்டுப் பாலிலேயே பாயசம் என்று அத்தை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"மாட்ட அந்தாண்ட கட்டிடலாம் மாமா," என்றேன்.

"எதுக்கு? கொடதான் இருக்குதே, நின்னுடும்," என்று மாமா தானே நடந்துபோய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார், காவலுக்கு.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். பாராசூட் திறக்காது என்று அந்த ரோட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நேர் எதிரே வருங்கால மாமனார். பக்கத்தில் சினை மாடு. மெதுவாக விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மெதுவாகத்தான் விட்டேன்.

"இன்னா மாப்ள, எறும்பு ஊருது," என்றான் சங்கர். கூட்டம் சிரித்தது. கலாவும் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்கு விரல் தானாக அழுந்திவிட்டது.

கார் சீறியது. பூஜையில் வைத்த சாமந்தியின் இதழ்கள் பின்னால் பறந்தன. பாதி ரோட்டில் பித்தானை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினேன். மஞ்சள் கயிறு சிரஞ்சீவியாக இருந்தது. பிரேக் போட்டால் கரணம். கரணம் யார் மேல் போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? மாமா கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.  கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கமாகத் திருப்பினேன்.

கார் மல்லாட்டைக் குவியலில் ஏறி வானத்துக்குப் போனது. குலுங்கிய குலுக்கலில் கயிறு அறுந்தது. பாராசூட் இப்போது திறந்தது, எவ்வளவு அழகாக என்கிறீர்கள், படத்தில் இருப்பது போலவே. மல்லாட்டை மழையாகப் பொழிய, நடுவில் கார் ஆடி ஆடி இறங்கியது. இறங்கும்போது பாராசூட்டின் எட்டு நூலும் மாட்டின் கொம்பில் போய் மாட்டிக்கொண்டன.

மாடு ஒரு கணம் யோசித்தது. பிறகு தும்பை அறுத்துக்கொண்டு ஓடியது, பின்னால் காரை இழுத்துக்கொண்டு. அதாவது, முதலில்தான் இழுத்துக்கொண்டு. அப்புறம் கார் தானாகவே துரத்த ஆரம்பித்தது. ஏனென்று யாருக்கும் புரியவில்லை. மாடு வலது பக்கம் வளைந்தால் காரும் வளைந்தது. திரும்பிப் பார்த்தால் உறுமியது. மாமா மாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே கத்தினார்.

"மாப்ள, அத வுடுங்க."

எதை என்று எனக்கு விளங்கவில்லை. கலாதான் பக்கத்தில் ஓடிவந்து என் கையைப் பார்த்தாள். பயத்தில் என் விரல் விறைத்து, ஆக்சிலேட்டரை அடிவரை அமுக்கிக்கொண்டிருந்தது. அவள் விரல் விரலாகப் பிரித்து ரிமோட்டைப் பிடுங்கினாள். (அவள் என் கையை முதன்முதலில் தொட்டது அப்போதுதான். அனுபவிக்க முடியவில்லை.)

மாடு ஏரிக்குள் இறங்கிச் சேற்றில் நின்றது. கார் முங்கியது. கறுப்புக் குடை மட்டும் ஒரு கொம்பில் துக்கக் கொடி மாதிரி தொங்கியது.

மாட்டை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தார்கள். வயிறு ஏறி ஏறி இறங்கியது. சங்கர் போய் மாட்டு டாக்டரை ஆட்டோவில் அழைத்து வந்தான். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, "ஓடுன அதிர்ச்சி. பொழுது சாயற வரைக்கும் பாக்கணும். தண்ணி ஒடையாம இருந்தா பயமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் கொட்டகையைச் சுற்றி உட்கார்ந்தோம்.  வடையும் சுண்டலும் அப்படியே ஆறிப்போயின. மாடு காதை ஆட்டினால் எனக்கு ஒரு மூச்சு போய் வந்தது. கல்யாணம் நிற்கும், இந்த வீட்டில் மாடு செத்த காரணமாக என் பெயர் நிற்கும். திண்டிவனத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன், யாரையும் கேட்கப் பயந்துகொண்டு.

வெயில் இறங்கும்போது மாடு தலையை நீட்டிப் புல்லைக் கடித்தது. இன்னொரு வாய் கடித்தது. அசை போட்டது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"கொட ஏன் தொறக்கல?"

 மாமா கலா பக்கம் திரும்பினார். "தையல் சரியில்லையா?"

கலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு இந்தப் பக்கம் வருங்கால மனைவி, அந்தப் பக்கம் வருங்கால மாமியார். எந்தப் பக்கம் பேசினாலும் ஒருத்தர் எனக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட மாட்டார். "என் தப்புதான் மாமா, நான்தான் மூடிய இறுக்கிட்டேன்," என்றேன்.

"பொய்," என்றாள் கலா. "அம்மா கட்டுன மஞ்சக் கயிறு. நான் பாத்துகினுதான் இருந்தேன், எனக்குத் தோணல. இவரும் பாத்துகினுதான் இருந்தாரு."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் மாப்ள, வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா புலியா, கடிச்சிடுவனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவரு எப்பிடிடீ சொல்லுவாரு," என்றார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானே சொல்லல. ஒரு வருஷம் நீ பம்புசெட்டு ஸ்டார்ட்டர் பொட்டிமேல கயிறு கட்டிட்டன்னு, அத அவுக்காம நாலு நாளு மோட்டார் போடாம இருந்தனே, அப்ப சொன்னனா?"

அத்தைக்கு அது புதுச் செய்தி. "அந்த வருஷம் கரண்ட் இல்லன்னு சொன்னீங்களே?"

மாமா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன சுண்டல் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அதிகம் பேசாதவர் ஏன் பேசுவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பயந்தவனுக்குப் பயந்தவன் துணை.

கல்யாணம் நடந்தது. மாடு கிடாரிக் கன்று போட்டது, பாயசமும் வந்தது. காரை ஏரியிலிருந்து எடுக்க யாரும் போகவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் எப்போது அந்த ஊருக்குப் போனாலும், பைக் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து மாமா குரல் வரும். "மாப்ள வர்றாரு. மாட்டப் புடிச்சிக் கட்டுங்க." அதற்கப்புறம்தான் "வாங்க" என்பார், தண்ணீர் வரும்.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. மாட்டையும் கன்றையும் விற்றாயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் சங்கர் ஆட்டோவை நிறுத்துகிறான். இருந்தாலும் பைக் சத்தம் கேட்டால் அதே குரல் வருகிறது. என் மகள் பின்சீட்டிலிருந்து குதித்து உள்ளே ஓடிவிடுவாள். நான் ஓட மாட்டேன். "கட்டியாச்சு" என்று அத்தை உள்ளேயிருந்து பதில் சொல்லும் வரை, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பேன்.