மூழ்கிச் சாகக்கூடிய மீன்

தன் மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடுமோ என்று பயந்தவர் மும்பை மாநகரத்திலேயே ஒருவர்தான். தூத்துக்குடிப் பக்கம், வெல்டிங் வேலை. மான்குர்த் கட்டடத்தின் நான்காவது மாடியில் எனக்குப் பக்கத்து வீடு. அவர் வளர்த்த பிச்சிர் என்கிற ஆப்பிரிக்க மீன் தொட்டியை விட்டு வெளியே வந்துவிடும் என்பதால், போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "மூடி, மூடி!" என்று கத்துவார். மூடி அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மீன் ஒரு முழ நீளம், பாம்பு உடம்பு, முதுகில் வரிசையாகக் குட்டித் துடுப்புகள். "டைனோசர் காலத்துச் சாதி வே! நுரையீரல் இருக்கு. மேல வந்து காத்துக் குடிக்கலன்னா மூழ்கிச் செத்துரும்" என்பார். அதனால் தொட்டியை விளிம்புவரை நிரப்பமாட்டார். மீனுக்குப் பார்வை மந்தம். இறால் துண்டு எதிரே கிடந்தாலும் மோப்பம் பிடித்துத் தொட்டி முழுக்கத் தேடும். கண்ணாடி வாங்கிக் கொடுங்களேன் என்றேன். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

கட்டடச் செக்ரட்டரியும் அண்ணன் ஊர்ப்பக்கம்தான், ஆனால் அந்த மீன் அவருக்கு ஆகவே ஆகாது. "மீன எடும், இல்ல வீட்டக் காலி பண்ணும்" என்றார்.

"ரெண்டும் நடக்காது" என்றார் அண்ணன்.

ஒருநாள் காலை மீனுக்கு இரை போடும்போது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் தண்ணீர் வந்தால் உலகமே மறந்துபோகும். அண்ணன் மூடியை அப்படியே விட்டுவிட்டு டிரம் நிரப்ப ஓடினார். மீன் ஈர வராந்தாவில் நெளிந்து நெளிந்து அதே மாடியில் இருக்கும் செல்வி அக்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"பாம்பு!" என்று அக்கா அலறினார்.

செக்ரட்டரி கம்போடு வந்தார். அண்ணன் குறுக்கே பாய்ந்து மீனைக் கையில் அள்ளிக்கொண்டார்.

"மீன்னா வெளிய வந்ததும் சாவணும்லா? சாவலையே! அப்ப பாம்புதான்" என்றார் செக்ரட்டரி.

"நீரு மீனுன்னு ஒத்துக்கிடுததுக்காவ அது சாவணுமா வே?"

செக்ரட்டரி அண்ணன் வீட்டு வாசலை மறித்து நின்றுகொண்டார். "அரே, இது உள்ள போகாது!"

"தோலு காயுது. யாராவது தண்ணி ஊத்துங்களேன்!" அண்ணன் கெஞ்சி அன்றுதான் கேட்டேன். குழாயும் அதற்குள் நின்றுவிட்டது. பிடித்த தண்ணீரைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

செல்வி அக்கா தன் குடத்தைத் தூக்கி மீன்மேல் முழுசாகக் கவிழ்த்தார்.

"ஏ செல்வி, அது பாம்பு!" என்று கத்தினார் செக்ரட்டரி.

"என்னவா வேணா இருக்கட்டும். எங்க மாடில இருக்குல்லா? வழிய விடும்."

செக்ரட்டரி வழிவிட்டார்.

மீன் தொட்டிக்குப் போனதும், மீனுக்கென்று பிடித்துவைத்திருந்த டிரம்மை அண்ணன் இழுத்துவந்து அக்கா வாசலில் வைத்தார். "எடுத்துக்க. வேண்டாம்னு சொன்னே, பேசமாட்டேன்!" என்று முறைத்தார். முறைத்த கண் கலங்கியிருந்தது. அந்த முரட்டு மனிதரை எனக்கு ரொம்பவே பிடிக்கும்.