மெதுவாண்ணன் ஓடிய நாள்

சென்னை மாநகரத்தில் பூமி அதிராமல் நடக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் மெதுவாண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன், பூனைகூட அவரிடம் டியூஷன் எடுத்துக்கொள்ளணும்.

தொண்ணூறுகளின் கடைசி. அடையாற்றில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து மெக்கானிக் அவர், நான் ஆராய்ச்சி மாணவி. ஒளியை வைத்துக் கணக்குப் போடும் குவாண்டம் கணினி என்று டைரக்டர் கனவு கண்டுகொண்டிருந்தார். நாங்கள் அதற்கு முதல் படியாக லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு வழியில் அனுப்பி, மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தோம். சேருமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள் விழும். பக்கத்தில் யாராவது தொப்பென்று கால் வைத்தால் வரிகள் ஆடிவிடும். அதுவரை அளவெடுத்ததெல்லாம் வீண்.

அதனால் நாள் முழுக்க “மெதுவா, மெதுவா” என்பதுதான் அண்ணன் பேச்சு. டைரக்டரையே செருப்பைக் கழற்ற வைத்தார். வரிகள் ஆடுவதைப் பார்த்தே வருவது யாரென்று சொல்லிவிடுவார். ஒருநாள், டைரக்டர் வருகிறார், அதுவும் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறார் என்றார். இரண்டும் சரி. இன்னொரு நாள் வாசல் பஸ் ஸ்டாப்புக்கே போய், வண்டியைக் கொஞ்சம் பூப்போல நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

கடைசி அளவு எடுக்க எனக்கு ஒரே ஒரு நாள் இருந்தது. லேசர் இரவல், சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும். என் ஸ்காலர்ஷிப்பும் அந்த மாதத்தோடு சரி. இரண்டு மணி நேரம் வரிகள் அசையாமல் நிற்கணும். ஒன்றேகால் மணி நேரம் நின்றுவிட்டது. நானும் அண்ணனும் மூச்சைக்கூடத் தவணையில்தான் விட்டோம்.

வாட்ச்மேன் கதவைத் திறந்து ரகசியமாகச் சொன்னார். “அண்ணே, உன் ஊட்ல வலி எட்துக்கிச்சாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு பூட்டாங்க.”

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த பிள்ளை. முன்னே இரண்டு முறை தங்காமல் போனது எனக்குத் தெரியும். மனுஷன் முகம் வெளுத்துப்போனது. ஆனால் ஓடவில்லை. ஒரு காலை வைத்தார். நின்றார். அடுத்த காலை வைத்தார். கதவு இருபதடி தூரம். திரையில் ஒரு வரி அசையவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. லேசர் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வரிகள் சிதறிப்போயின.

“இன்னாம்மா, இப்டி பண்ட்டியே” என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“ஆடிடுச்சுண்ணே. இனிமே மெதுவாப் போய் என்ன ஆகப்போகுது? ஓடுங்க.”

ஓடினார் பாருங்கள், கட்டடமே அதிர்ந்தது.

பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மறுபடி முதலிலிருந்து அளக்க நேரமில்லை, லேசர் சாயங்காலமே போய்விட்டது; எனக்கு ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப்போனது. மயிலாப்பூர் வீட்டில் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போகட்டும். அந்த மனுஷன் திடுதிடுவென்று ஓடிய சத்தத்தைவிட நல்ல சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.