பழைய காருக்குப் புது கேஸ்

வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது மனைவிக்குத் தெரியாமல் செய்துவிடுவது என்று பிழைதிருத்துபவர் முடிவு கட்டினார். அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவர் அவர். அவருடைய பிழைகளை வீட்டில் சம்பளமே இல்லாமல் திருத்தி வந்தாள் மனைவி.

காரியம் வேறொன்றுமில்லை. அவருடைய பழைய காரில் ஏசி செத்துப் பல கோடைகள் ஆகிவிட்டன. அதற்குப் போட வேண்டிய பழைய கேஸ் இப்போது எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை. கார் அடுப்பாகக் கொதித்தது. ஆனால் அந்த அடுப்பாலும் ஒரு புண்ணியம் இருந்தது. மாமியார் எப்போது வந்தாலும், இந்த வண்டியில் ஏறி எங்கேயும் போக முடியவில்லையே என்று மகளிடம் நொந்துகொண்டு மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிவிடுவார். ஏசி ஓடினால் மாமியார் ஓடமாட்டார். இது தெரிந்தும், வேலைக்கு வெந்துகொண்டே போய் வெந்துகொண்டே வருகிற உடம்பு கேட்கவில்லை. குளிரும் வேண்டும், மாமியார் சீக்கிரம் கிளம்பவும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஆகவே ஒரு நாள் அச்சகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, "ஐஸ்" என்று எல்லோரும் கூப்பிடுகிற ஏசி மெக்கானிக்கிடம் போனார். பழையதற்குப் பதிலாக இப்போது வருகிற புது கேஸைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டால் போதும் என்றார். அப்படியெல்லாம் விட முடியாது என்றார் ஐஸ். மிச்சமிருக்கிற பழைய கேஸை வெளியே எடுக்க வேண்டும். பழைய எண்ணெய் புது கேஸோடு ஒத்துப்போகாது, அதை மாற்ற வேண்டும். ரப்பர் வளையங்கள், கேஸ் ஏற்றுகிற வாய், குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற டப்பா எல்லாம் புதிதாகப் போட வேண்டும். கேஸ் போட எதற்கு எண்ணெய், குளிர வைக்கிற சாமானில் ஈரத்தை எதற்கு உறிஞ்ச வேண்டும் என்று நம்மவர் கேட்டார். ஐஸ் விளக்கினார். விளக்க விளக்கக் குழப்பம் கூடியது. தலை மட்டும் புரிந்தாற்போல ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவருக்கும் புரிகிற மாதிரி ஒன்று நடந்தது. பழைய கேஸ் பிடித்த அளவைவிடக் குறைவாகவே ஐஸ் புது கேஸை ஏற்றிவிட்டு நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் கொசுறு விடுங்களேன்."

"கொசுறு போட இது கறிவேப்பிலையா சார்? கூடினா குளிராது."

"அப்போ இன்னும் கம்மியா விட்டா ரொம்பக் குளிருமா?"

ஐஸ் கை கழுவப் போய்விட்டார்.

அன்று முதல் நம்மவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளுகுளுவென்று வேலைக்குப் போய் வந்தார். திரும்பும்போது தெருமுனையில் ஏசியை நிறுத்துவார். கண்ணாடிகளை இறக்குவார். பாட்டில் தண்ணீரை நெற்றியிலும் சட்டையிலும் தெளித்துக்கொண்டு, வெந்துவிட்டேன் என்று முனகியபடி வீட்டுக்குள் நுழைவார். மனைவி பதறிப்போய் மின்விசிறியைப் போடுவாள். அவருக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலும் குளிர்ச்சியாகவே இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் மனைவி வாசலிலிருந்து வந்தாள்.

"என்னங்க, வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதே?"

ஓடிப்போய்ப் பார்த்தார். சொட்டத்தான் செய்தது. ஏற்றியது கேஸ், இறங்குவது தண்ணீரா? புது கேஸ் உருகிவிட்டதா? யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ரேடியேட்டர் ஒழுகுது."

"தொட்டுப் பார்த்தேன். ஜில்லுனு இருக்கே?"

"பழைய ரேடியேட்டர். அப்படித்தான் ஒழுகும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "ஓ" என்றாள். கல்யாணமான நாளாக அந்த "ஓ"வுக்கு என்ன அர்த்தம் என்று அவர் கண்டுபிடித்ததில்லை.

மறுநாள் ஐஸிடம் ஓடினார். ஏசி ஓடினால் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும், அது நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்றார் ஐஸ்.

"ஈரத்தைத்தான் அந்த டப்பா உறிஞ்சிடும்னு சொன்னீங்களே?"

"அது வேற ஈரம் சார்."

இரண்டு ஈரங்களையும் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடுங்க. ரேடியேட்டர் ஒழுகுற வண்டிய எடுத்துட்டுப் போய் நடுவழியில ஏதாவது ஆச்சுன்னா என் கதி என்னாகிறது? நாளைக்குப் பஸ்ல போங்க. நான் பார்த்துக்கறேன்."

ரேடியேட்டர் ஒழுகவில்லை என்றால், பின்னே தண்ணீர் ஏது என்று கேட்பாள். தண்ணீர் ஏது என்று சொன்னால், ஏசி ஏது என்று கேட்பாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை இறுக மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் பஸ்ஸில் அவரைப் பிழிந்து எடுத்துவிட்டார்கள். கம்பியில் தொங்கிக்கொண்டே யோசித்ததில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை ரேடியேட்டரும் ஒழுகுகிறதோ? தன் பொய்யைத் தானே பாதி நம்பிய நிலையில், நிஜமாகவே தொப்பலாக நனைந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

அதே நேரம் கார் வந்து நின்றது. கண்ணாடிகளெல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. ஓட்டி வந்தவள் மனைவி. பின் கதவைத் திறந்து, தோளில் சால்வையோடு இறங்கினார் மாமியார்.

"மாப்பிள்ளை, உள்ள என்ன சுகம்! ஊர் பூராவும் சுத்திட்டு வரோம். இந்தத் தடவை கோடை முடிஞ்சப்புறம்தான் ஊருக்குப் போறதா இருக்கேன்."

மாமியார் உள்ளே போகும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் என்ன ஆயிற்று என்று ஈனஸ்வரத்தில் கேட்டார் பிழைதிருத்துபவர். மனைவி அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்குத்தான் வேர்வை. இத்தனை நாளும் வெறும் தண்ணி. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

அவருக்கு எல்லாம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். குட்டு உடைந்த பிறகு என்ன மானம் என்று கேட்டார்:

"சரி, நாளையிலிருந்து நான் வண்டியில போகலாமில்ல?"

"அதெப்படிங்க? ரேடியேட்டர் ஒழுகுதே."

"எப்பதான் சரியாகும்?"

"அம்மா ஊருக்குப் போனதும்."